ஒளிரும் ஆன்டிபாடி காட்டும் உறவு: லெஜியோனெல்லா குடும்பம் வகுக்கப்பட்ட விதம்

1977க்கும் 1979க்கும் இடைப்பட்ட காலத்தில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வுக்கூடத்தில், வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த சில பாக்டீரியா வளர்ப்புகள் சேர்ந்திருந்தன. ஒன்று பிலடெல்பியாவில் நிமோனியாவால் இறந்த ஒருவரின் நுரையீரலிலிருந்து பிரிக்கப்பட்டது. மற்றவை மேன் மாநிலத்தின் டோகஸ், இண்டியானாவின் ப்ளூமிங்டன், கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய இடங்களைச் சேர்ந்தவை. எல்லாமே மெல்லிய குச்சி வடிவம் கொண்டவை. கிராம் சாயத்தை அரைகுறையாகவே ஏற்றன. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலமும் இரும்பும் சேர்க்காத ஊடகத்தில் அவை வளர மறுத்தன. பாக்டீரியாக்களைப் பிரித்தறிய வழக்கமாகச் செய்யும் சர்க்கரை நொதிப்புச் சோதனைகள் இவற்றிடம் எதையும் சொல்லவில்லை, ஏனெனில் இவை சர்க்கரையை நொதிக்கச் செய்வதே இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் பிலடெல்பியா பாக்டீரியாவைக் கொண்டு முயலிடமிருந்து பெற்ற, ஒளிரும் சாயம் ஏற்றிய சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை, அவற்றின் மேல் இட்டபோது, சில கிளிப்பச்சை நிறத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தன, சில மங்கின, சில ஒளிரவே இல்லை.

இந்த வேறுபாட்டுக்கு என்ன பொருள் கொள்வது? ஒளிராதவை வேறு பாக்டீரியாக்களா, அல்லது அதே பாக்டீரியா வேறு மேற்சட்டை அணிந்து வந்திருக்கிறதா? உறவுள்ள பாக்டீரியாக்களை ஒளிரும் ஆன்டிபாடிகளால் வகைப்படுத்தும் முறையின் வலிமையும் எல்லையும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. இந்தப் பாக்டீரியாக்கள் பின்னர் சேர்க்கப்பட்ட பேரினமான லெஜியோனெல்லாவின் வரலாற்றில் இந்தக் கேள்வி கேட்கப்பட்ட விதத்தையும், பதில் வந்து சேர்ந்த விதத்தையும் படிப்படியாகப் பார்க்க முடிவதால், அந்த ஒரு பேரினத்தையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முதலில் அடிப்படை. பாக்டீரியாவின் மேற்பரப்பு புரதங்களாலும், சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த நீண்ட இழைகளாலும் ஆனது. கிராம் சாயத்தை ஏற்காத பாக்டீரியாக்களில் இந்தச் சர்க்கரை இழைகள் கொழுப்புப் பகுதியொன்றில் வேரூன்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்; இந்த அமைப்பு முழுவதற்கும் லிப்போபாலிசாக்கரைடு என்று பெயர். விலங்கின் உடலுக்குள் பாக்டீரியா நுழையும்போது, உடல் முதலில் சந்திப்பது இந்தப் புறப்பரப்பைத்தான். அதன் வடிவங்களுக்குப் பொருந்தும் ஆன்டிபாடிகளை, அதாவது எதிர்ப்பொருள்களை, உடல் உருவாக்குகிறது. ஆன்டிபாடியை உருவாக்கத் தூண்டும் அந்தப் பரப்பு வடிவமே ஆன்டிஜென். பூட்டும் சாவியும் என்ற பழகிய உவமை இங்கே ஓரளவுதான் உதவும். ஒரே பூட்டுக்கு உடல் நூற்றுக்கணக்கான சாவிகளைச் செய்து பார்க்கிறது, அவற்றுள் சில பக்கத்து வீட்டுப் பூட்டையும் திறந்துவிடும். பின்னால் வரப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஆன்டிபாடி தனக்குரிய ஆன்டிஜெனைப் பற்றிக்கொண்டாலும் அதை நேரில் பார்க்க முடியாது. பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைக் கொண்டோ, கரைசலில் வீழ்படிவு தோன்றுவதைக் கொண்டோ ஊகிக்க வேண்டும். இந்தத் தடையை உடைத்தவர் ஹார்வர்டு மருத்துவர் ஆல்பர்ட் கூன்ஸ். 1939 கோடையில் பெர்லினில் தங்கியிருந்தபோது, வாதக் காய்ச்சலில் இதயத் தசையில் தோன்றும் புண்களைப் பற்றி அவர் சிந்தித்துக்கொண்டிருந்தார். அந்தப் புண்களில், இந்தக் காய்ச்சலைத் தூண்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் ஆன்டிஜென் இருக்கிறதா என்று திசுவிலேயே பார்க்க வேண்டுமானால், ஆன்டிபாடியோடு கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளைப் பிணைத்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சாதாரணச் சாயங்கள் போதாது. ஓர் ஆன்டிபாடியில் ஏற்றக்கூடிய சாயத்தின் அளவு அவ்வளவு குறைவு. இருண்ட பின்னணியில் தானே ஒளியை உமிழும் பொருளாக இருந்தால் குறைந்த அளவும் தெரியும்.

1941இல் கூன்ஸும் ஹியூ கிரீச்சும் நார்மன் ஜோன்ஸும் வெளியிட்ட முதற்சோதனை, வகைப்படுத்தும் சோதனையாகவே அமைந்தது என்பதை நான் எப்போதும் வியப்போடு நினைப்பதுண்டு. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸின் மூன்றாம் வகைக்கு எதிரான ஆன்டிபாடியில் அவர்கள் ஆந்தரசீன் சார்ந்த ஒரு பொருளைப் பிணைத்தார்கள். புறஊதா ஒளியில் மூன்றாம் வகை நிமோகாக்கஸ் நீலமாக ஒளிர்ந்தது. இரண்டாம் வகை ஒளிரவில்லை. நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு பாக்டீரியாக்களில் ஒன்றை மட்டும் விளக்கேற்றிக் காட்டியாயிற்று. ஆனால் விலங்குத் திசுக்கள் தாமாகவே மங்கிய நீல ஒளியை உமிழ்வதால், நீலச் சாயம் திசுவில் பயன்படவில்லை. அடுத்த ஆண்டே அவர்கள் பச்சையாக ஒளிரும் ஃபுளோரசீனுக்கு மாறினார்கள். முதலில் பயன்படுத்திய ஃபுளோரசீன் ஐசோசயனேட்டைத் தயாரிக்க நச்சு வாயுவான பாஸ்ஜீன் தேவைப்பட்டது. தயாரித்தாலும் அது நீடித்து நிற்கவில்லை. 1958இல் ஃபுளோரசீன் ஐசோதயோசயனேட் என்னும் நிலையான வடிவம் வந்த பிறகே, சுருக்கமாக எஃப்.ஐ.டி.சி. என்றழைக்கப்படும் இந்தச் சாயம் சாதாரண ஆய்வுக்கூடங்களுக்கும் எட்டியது. இதற்கிடையில் 1956இல் மேக்ஸ் மூடியும் உடன் பணியாற்றியோரும், இன்று பர்க்கோல்டெரியா சூடோமாலை என்று பெயர் பெற்றுள்ள பாக்டீரியாவைக் கொண்டு, பாக்டீரியாப் பூச்சுகளை ஒளிரும் ஆன்டிபாடியால் சாயமேற்றும் பொதுமுறையை வகுத்திருந்தார்கள்.

இனி பிலடெல்பியா. 1976 ஜூலையில் அங்குள்ள பெல்வியூ ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் அமெரிக்கப் படைவீரர் சங்கமான அமெரிக்கன் லீஜியனின் மாநாடு நடந்தது. அதைத் தொடர்ந்து 221 பேர் நோயுற்றனர், 34 பேர் இறந்தனர். பல மாதங்கள் காரணம் தெரியவில்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ரிக்கெட்சியா என்னும், உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகும் பாக்டீரியாக்களின் ஆய்வில் இருந்த ஜோசப் மெக்டேட், நோயாளிகளின் நுரையீரல் திசுவைச் செலுத்திய கினிப்பன்றிகளின் பூச்சுகளில் அபூர்வமாகச் சில குச்சி பாக்டீரியாக்களைக் கண்டு, வெளியிலிருந்து கலந்தவை என்று ஒதுக்கியிருந்தார். டிசம்பர் இறுதியில் மீண்டும் அந்த ஸ்லைடுகளை எடுத்துப் பார்த்தபோது அந்தக் குச்சிகள் அவரை விடவில்லை. பாக்டீரியாவைத் தடுக்கும் மருந்து சேர்க்காமல் கரு வளரும் கோழிமுட்டைகளில் அவற்றை வளர்த்தார். அடுத்து எடுத்த படி ஒளிரும் ஆன்டிபாடிச் சோதனை. வளர்த்த பாக்டீரியாவை ஸ்லைடில் பூசி, பிழைத்த நோயாளிகளின் சீரத்தை அதன்மேல் இட்டு, மனித ஆன்டிபாடியைப் பற்றிக்கொள்ளும் சாயமேற்றிய இரண்டாவது ஆன்டிபாடியால் கழுவிப் பார்ப்பது மறைமுக முறை எனப்படும். நோயின் தொடக்கத்தில் எடுத்த சீரத்தைவிடச் சில வாரங்கள் கழித்து எடுத்த சீரத்தில் ஆன்டிபாடி அளவு பன்மடங்கு ஏறியிருந்தது. 1977 ஜனவரியில் முடிவு அறிவிக்கப்பட்டது.

இந்த மறைமுக முறைக்கு இன்னொரு பயன் கிடைத்தது. விடை தெரியாத பழைய நோய்ப் பரவல்களின் சீரங்கள் உறைநிலைப் பெட்டிகளில் காத்திருந்தன. வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத்ஸ் மருத்துவமனையில் 1965இல் பரவிய நிமோனியாவும், மிச்சிகனின் பான்டியாக் நகரில் 1968இல் ஓர் அலுவலகக் கட்டடத்தில் 144 பேரைத் தாக்கிய காய்ச்சலும் இதே பாக்டீரியாவோடு தொடர்புடையவை என்று அந்தச் சீரங்கள் ஒளிர்ந்து சொல்லின. பான்டியாக்கில் யாருக்கும் நிமோனியா வரவில்லை, எவரும் இறக்கவும் இல்லை. அறிகுறிகளை மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒரே பாக்டீரியாவின் வேலை என்று எவரும் சொல்லியிருக்க முடியாது.

நோயாளியின் சீரத்தில் உள்ள ஆன்டிபாடியை அளப்பது ஒன்று. பாக்டீரியாவையே வகைப்படுத்துவது வேறொன்று. பின்னதற்கு, சாயம் ஏற்றிய ஆன்டிபாடியையே பாக்டீரியாவின் மேல் இடும் நேரடி முறை வேண்டும். அதற்கான சீரத்தைத் தயாரிக்கும் விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் வகைப்பாட்டின் தரம் முழுவதும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. கொல்லப்பட்ட பாக்டீரியாவை முயலுக்குப் பல தவணைகளில் ஊசி வழியே செலுத்தி, ஆன்டிபாடி உச்சத்தில் இருக்கும்போது இரத்தம் எடுத்து, சீரத்திலிருந்து அம்மோனியம் சல்ஃபேட்டைக் கொண்டு ஆன்டிபாடிகள் அடங்கிய குளோபுலின் பகுதியைப் பிரிக்கிறார்கள். பிறகு காரத்தன்மை கொண்ட கரைசலில் அதை எஃப்.ஐ.டி.சி.யோடு சேர்க்கிறார்கள். சாயம் குறைந்தால் ஒளி போதாது. கூடினாலோ, சாயத்தால் மின்னூட்டம் மாறிய புரதம் தனக்குரிய ஆன்டிஜென் இல்லாத இடங்களிலும் ஒட்டிக்கொண்டு எதையும் பளபளக்க வைத்துவிடும். எனவே எவ்வளவு புரதத்துக்கு எவ்வளவு சாயம் என்ற விகிதம் உயிர்நாடி. லெஜியோனெல்லாவை ஒளிர்வால் பிரித்த குழுவின் முன்னணியில் இருந்த மெக்கின்னி, 1960களிலேயே எஃப்.ஐ.டி.சி. புரதத்தோடு வினைபுரியும் வேகத்தையும் அதைப் பாதிக்கும் காரணிகளையும் ஆராய்ந்தவர் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தயாரான சீரத்தை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, உரிய பாக்டீரியாவின் மேல் இட்டு, எந்த நீர்ப்பு வரை முழு ஒளி கிடைக்கிறது என்று பார்ப்பார்கள். ஒளியின் அளவை ஒன்று முதல் நான்கு வரை கூட்டல் குறிகளால் எழுதுவது வழக்கம். நான்கு கூட்டல் என்றால் கண்ணைப் பறிக்கும் பளிச்சொளி. ஒரு கூட்டல் என்றால் இருக்கிறதா இல்லையா என்று தயங்க வைக்கும் மங்கல். ஸ்லைடில் பாக்டீரியாவைப் பூசிக் காயவைத்து, சூட்டாலோ ஃபார்மலினாலோ நிலைப்படுத்தி, மேலே ஒரு துளி சீரம் இட்டு, ஈரம் காயாத மூடிய பெட்டியில் இருபது முப்பது நிமிடம் வைத்து, தாங்கற்கரைசலில் கழுவி, சற்றே காரமான கிளிசரினில் மூடி, இருட்டறையில் பார்க்க வேண்டும். காரம் எதற்கென்றால் ஃபுளோரசீன் காரத்தில்தான் நன்றாக ஒளிரும். ஏறத்தாழ 490 நானோமீட்டர் நீல ஒளியை அது உட்கொண்டு 520 நானோமீட்டர் அளவில் பச்சையாக உமிழ்கிறது. நடுவிலுள்ள வடிகட்டி நீலத்தை மறித்துப் பச்சையை மட்டும் கண்ணுக்கு விடுகிறது. ஒளிரும் குச்சி முழுவதும் பச்சையாகத் தெரிவதில்லை. ஓரம் மட்டும் கூர்மையாக எரியும், நடுப்பகுதி இருண்டிருக்கும், பச்சை மையால் கோட்டுருவம் வரைந்ததுபோல. ஆன்டிபாடி பற்றியிருப்பது புறப்பரப்பை மட்டுமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஒரே இடத்தையே நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் ஒளி கண்ணெதிரிலேயே மங்கிப் போகும். ஆகவே முடிவை உடனுக்குடன் எழுதிவிட வேண்டும்.

இப்படிப் பார்த்தபோது பிலடெல்பியா சீரம் டோகஸ் பாக்டீரியாவைப் போதிய அளவு ஒளிரச் செய்யவில்லை. டோகஸைக் கொண்டு தனிச் சீரம் செய்தபோது அது தன்னை நன்றாக ஒளிர வைத்தது, பிலடெல்பியாவை விட்டுவிட்டது. ப்ளூமிங்டனும் லாஸ் ஏஞ்சலஸும் அப்படியே தனித்து நின்றன. 1979இல் மெக்கின்னியும் உடன் பணியாற்றியோரும் நேரடி ஒளிர்வு முறையால் நான்கு சீரோகுரூப்களை, அதாவது சீரத்தின் வழியே அறியப்படும் குழுக்களை, வரையறுத்தார்கள். விரைவிலேயே டல்லாஸிலிருந்து ஐந்தாவதும் சிகாகோவிலிருந்து ஆறாவதும் சேர்ந்தன. இன்று லெஜியோனெல்லா நிமோஃபிலாவுக்கு மட்டும் பதினைந்துக்குக் குறையாத சீரோகுரூப்கள் உண்டு.

சீரங்கள் முதலிலேயே இவ்வளவு ஒழுங்காகப் பிரித்துக் காட்டிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. உறவுள்ள பாக்டீரியாக்களுக்குப் பொதுவான ஆன்டிஜென்கள் இருப்பதால், அடர்த்தியான சீரம் அண்டை வகைகளையும் ஓரளவு ஒளிரச் செய்யும். இதைச் சரிசெய்யும் வழி உறிஞ்சல். அ என்ற பாக்டீரியாவுக்கு எதிரான சீரம் ஆ என்ற பாக்டீரியாவையும் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சீரத்தில் ஆ பாக்டீரியாவின் அடர்த்தியான கலவையைக் கொட்டிச் சற்று நேரம் வைத்து, சுழற்றி வண்டலைக் களைந்துவிட்டால், இரண்டுக்கும் பொதுவான ஆன்டிபாடிகள் ஆவோடு ஒட்டிக்கொண்டு வண்டலாகப் போய்விடும். அவுக்கு மட்டும் உரியவை சீரத்தில் தங்கும். பிறகு இதையே திருப்பிச் செய்ய வேண்டும். ஆவின் சீரத்தை அவால் உறிஞ்சினால் எதுவும் மிஞ்சவில்லை, ஆனால் அவின் சீரத்தை ஆவால் உறிஞ்சிய பிறகும் ஒளி மிஞ்சுகிறது என்றால், ஆவிடம் இருப்பதெல்லாம் அவிடமும் உண்டு, அவிடம் கூடுதலாக ஒன்று உண்டு என்று பொருள். இருபுறமும் மிஞ்சினால் இரண்டும் தனித்தனிக் குழுக்கள். இருபுறமும் எதுவும் மிஞ்சாவிட்டால் ஆன்டிஜென் அளவில் இரண்டும் ஒன்றே. ஒளிரும் சாயம் புதியது, ஆனால் இந்தத் தர்க்கம் பழையது. ஒட்டித்திரளச் செய்யும் சீரங்களை உறிஞ்சிப் பிரிக்கும் முறையை 1902இல் வெளியிட்டவர் இத்தாலியரான ஆல்டோ காஸ்டெல்லானி. அடுத்த ஆண்டு அவர் கொழும்புக்கு வந்து பத்தாண்டுக்கு மேல் இலங்கையிலேயே நுண்ணுயிர் ஆய்வில் இருந்தார்.

என் மதிப்பில், இந்தத் துறையின் கைத்திறன் முழுவதும் உறிஞ்சலில்தான் இருக்கிறது. குறைவாக உறிஞ்சினால் அண்டை வீட்டாரெல்லாம் ஒரே குடும்பமாகத் தெரிவார்கள். அளவுக்கு மீறினால் உரிய பாக்டீரியாவையே சீரம் அடையாளம் காணாமல் போய்விடும். எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவர் மனிதர். ஆகவே சீரோகுரூப் என்பது இயற்கை தானாகக் கீறி வைத்த கோடு என்று கொள்வதைவிட, எந்த முயலின் சீரத்தை எவ்வளவு உறிஞ்சினோம் என்பதைப் பொறுத்து நாம் வகுத்துக்கொண்ட கோடு என்று கொள்வதே சரி.

இதை உறுதிசெய்யும் சோதனை டி.என்.ஏ.விடமிருந்து வந்தது. டான் பிரென்னரும் ஆர்னால்டு ஸ்டீகர்வால்ட்டும் மெக்டேடும் இந்தப் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. ஒன்றோடொன்று எவ்வளவு பிணைகிறது என்று அளந்து, 1979இல் லெஜியோனெல்லா நிமோஃபிலா என்ற பெயரை முன்மொழிந்தார்கள். ஒளிர்வில் பிரிந்து நின்ற சீரோகுரூப்கள் டி.என்.ஏ. அளவில் ஒரே சிற்றினத்துக்குள் அடங்கின. ஆகவே தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு, மேற்சட்டை வேறு, உடம்பு ஒன்று என்பதே விடையாயிற்று. பின்னர் 1988இல் பிரென்னரின் குழு நிமோஃபிலாவுக்குள் மூன்று துணைச்சிற்றினங்களைப் பிரித்தபோது இந்தக் கதை இன்னும் முறுக்கேறியது. ஐந்தாம் சீரோகுரூப்பைச் சேர்ந்த பாக்டீரியாக்களே ஃப்ரேசரி, பாஸ்குல்லை என்ற இரு வேறு துணைச்சிற்றினங்களில் காணப்பட்டன. அதாவது, இங்கே மேற்சட்டை ஒன்று, உடம்பு வேறு. ஒரே சட்டையை வேறு உடம்புகள் அணிவதும், ஒரே உடம்பு பல சட்டைகள் அணிவதும் ஒரே பேரினத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன.

இதனால் ஒளிர்வு முறை பொய் சொல்லிவிட்டது என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. சொல்லத் தெரிந்ததை அது மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறது. 1943இல் ஹியூ டாட்லாக், காய்ச்சல் கண்ட படைவீரரின் இரத்தத்தைச் செலுத்திய கினிப்பன்றியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்திருந்தார். 1959இல் ஹெபா என்ற குறிப்பெயரோடு இன்னொன்று கிடைத்திருந்தது. 1979இல் பிட்ஸ்பர்க்கில், சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களைத் தாக்கிய நிமோனியாவிலிருந்து மூன்றாவது ஒன்று வந்தது. முப்பத்தாறு ஆண்டு இடைவெளியில் மூன்று இடங்களில், மூன்று பெயர்களில் கிடந்த இவை ஒன்றே என்று காட்டுவதில் ஆன்டிஜென் ஒப்பீடும் டி.என்.ஏ. ஒப்பீடும் கைகோத்தன, இன்று அவை லெஜியோனெல்லா மிக்டாடேயி. அதே 1959இல் மாரிலின் போஸ்மன் ஒரு கடற்படை முக்குளிப்பவரின் நுரையீரலிலிருந்து பிரித்த பாக்டீரியா வேறொரு சிற்றினமாக நிலைபெற்று அவருடைய பெயரையே தாங்குகிறது. நிமோஃபிலாவோ போஸ்மனின் பாக்டீரியாவுக்கும் முந்தியது. 1947இல் கிடைத்து ஓல்டா என்ற குறிப்பெயரோடு காத்திருந்த பாக்டீரியா, நிமோஃபிலாவின் முதல் சீரோகுரூப்பாகவே வெளிப்பட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க ஒரு குறிப்பு. போஸ்மனின் பெயர் தாங்கிய சிற்றினம், டுமாஃபை, கோர்மனை முதலியவற்றின் வளர்ப்புத் திட்டுகள் புறஊதா விளக்கின் கீழ் எந்தச் சாயமும் இல்லாமல் தாமாகவே வெண்ணீலமாக ஒளிர்கின்றன. எரித்ரா போன்ற சில சிவப்பாக ஒளிர்கின்றன. இது பாக்டீரியாவே உருவாக்கும் பொருளின் ஒளிர்வு. ஆன்டிபாடி ஒளிர்வோடு இதற்குத் தொடர்பில்லை. ஆயினும் வளர்ப்புத் தட்டுகளை முதற்கட்டமாகப் பிரிக்க இது கைகொடுக்கிறது.

முயல் சீரத்தின் கலவைத்தன்மையிலிருந்து விடுபடும் வழி 1975இல் திறந்தது. ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் ஒரே வடிவத்தை மட்டும் பற்றும் மோனோகுளோனல் ஆன்டிபாடிகளை வரம்பின்றி உருவாக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 1986இல் இத்தகைய ஆன்டிபாடிகளின் தொகுப்பொன்று முதல் சீரோகுரூப்பையே பிலடெல்பியா, நாக்ஸ்வில், ஆலன்டவுன், பெனிடார்ம், ஓல்டா, ஆக்ஸ்ஃபோர்டு, பெலிங்ஹாம் என்று ஊர்ப் பெயர்களும் பழைய குறிப்பெயர்களும் தாங்கிய உட்பிரிவுகளாகப் பகுத்தது. ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் உருவாக்கிய 3/1 என்ற ஆன்டிபாடி இவற்றுள் தனிச்சிறப்பு உடையது. நிமோஃபிலாவின் சர்க்கரை இழை லெஜியோனாமினிக் அமிலம் என்னும் ஒரே சர்க்கரை மீண்டும் மீண்டும் கோத்த சங்கிலி. அந்தச் சர்க்கரையின் எட்டாவது கார்பனின் ஆக்சிஜனில் ஒரு சிறிய அசிட்டைல் தொகுதி தொங்கினால் 3/1 பற்றிக்கொள்ளும், இல்லாவிட்டால் பற்றாது. அந்தத் தொகுதியை ஒட்டும் நொதிக்கான மரபணு லாக்-1. அந்த ஒரு மரபணு செயலிழந்தால் பாக்டீரியா ஒரு உட்பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடுகிறது. ஆய்வுக்கூட வளர்ப்பிலேயே இத்தகைய மாற்றம் நிகழ்கிறது. அப்படியானால் இந்தப் பிரிவு பொருளற்றதா? அப்படியும் இல்லை. மருத்துவமனைக்கு வெளியே மக்களிடையே வரும் லெஜியோனெல்லா நிமோனியாக்களில் பெரும்பான்மை 3/1 ஒளிரச் செய்யும் பாக்டீரியாக்களாலேயே உண்டாகிறது. வம்சாவளியைப் பற்றி அதிகம் சொல்லாத ஓர் ஆன்டிஜென், நோயுண்டாக்கும் ஆற்றலைப் பற்றி மிக அதிகம் சொல்கிறது. நீர்த்தொட்டியொன்றில் கிடைத்த லெஜியோனெல்லா எவ்வளவு ஆபத்தானது என்று அறிய விரும்பும் பொதுச் சுகாதார அலுவலருக்குத் தேவைப்படும் தகவல் இதுவே.

உறவே இல்லாதவை ஒளிரும் சிக்கல் தனி. குழாய்நீரிலும் மண்ணிலும் சாதாரணமாக வாழும் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸின் சில வகைகளும், குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸும் லெஜியோனெல்லாச் சீரத்தோடு ஒளிர்ந்து ஏமாற்றியிருக்கின்றன. கழுவும் தாங்கற்கரைசலைத் தயாரித்த நீரிலேயே சூடோமோனாஸ் இருந்துவிட்டால், நோயாளியிடம் இல்லாத பாக்டீரியா ஸ்லைடில் தோன்றிவிடும். எனவே எந்த நாளும், உறுதியாக ஒளிர வேண்டிய ஒரு ஸ்லைடையும் உறுதியாக இருண்டிருக்க வேண்டிய ஒரு ஸ்லைடையும் நோயாளியின் ஸ்லைடோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத ஒளிர்வு முடிவு எதையும் நான் முடிவாகக் கொள்ள மாட்டேன்.

உறவில்லாதவற்றின் ஆன்டிஜென் ஒற்றுமை எப்போதும் தொல்லையாகவே முடிவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டு மருத்துவமனைகளே சாட்சி. உண்ணிக் காய்ச்சல் என்று மக்கள் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸை உண்டாக்குவது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. அதை ஊடகத்தில் வளர்க்க முடியாது. ஆனால் அதன் நோயாளியின் சீரம், தொடர்பே இல்லாத புரோட்டியஸ் பாக்டீரியாவின் ஓ.எக்ஸ்.கே. வகையைத் திரளச் செய்யும். இந்தத் தற்செயல் ஒற்றுமையை நம்பிய வெயில் ஃபெலிக்ஸ் சோதனையே நெடுங்காலம் பல இடங்களில் கிடைத்த ஒரே சோதனை. நோயாளிகள் பலரை அது தவறவிட்டது. அதைவிட நம்பகமானதாகக் கொள்ளப்படும் மறைமுக ஒளிர்வுச் சோதனையின் ஸ்லைடில் கார்ப், கேட்டோ, கில்லியம் என்ற மூன்று ஆன்டிஜென் வகைகளையும் பூசுவது வழக்கம். ஒன்றை மட்டும் பூசினால், மற்ற வகைகளால் நோயுற்றவரின் சீரம் ஒளிராமல் போகக்கூடும். உள்ளூரில் சுற்றும் வகை இந்த மூன்றிலிருந்தும் விலகியிருந்தால் என்ன செய்வது என்பது, இந்நோய் மிகுந்த நம் பகுதிகளில் கவலையோடு கேட்க வேண்டிய கேள்வி.

லெஜியோனெல்லாவிலும் இதே கவலை வேறு வடிவில் நிற்கிறது. இன்று வகைப்படுத்தும் பணியைப் பெரும்பாலும் மரபணு வரிசை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏழு மரபணுக்களின் வரிசையைக் கொண்டு நிமோஃபிலாவைப் பிரிக்கும் முறையில்கூட, நியூ ஏ என்ற ஒன்று அதே மேற்பரப்புச் சர்க்கரையின் தயாரிப்போடு தொடர்புடையது. பேரினத்தில் அறுபதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன. ஆனால் நோயாளியின் படுக்கையருகே உலகெங்கும் அதிகம் பயன்படுவது சிறுநீரில் ஆன்டிஜெனைத் தேடும் சோதனை. அதில் உள்ள ஆன்டிபாடி முதல் சீரோகுரூப்பையே முதன்மையாகப் பற்றுகிறது. அந்தச் சோதனை விரைவானது, எளியது, நோயாளிக்கு வலியில்லாதது; அது காப்பாற்றிய உயிர்கள் பல. ஆயினும் அதைக் கொண்டு கணக்கெடுத்துவிட்டு, நோய் பெரும்பாலும் முதல் சீரோகுரூப்பாலேயே வருகிறது என்று எழுதினால், எந்த மீனைப் பிடிக்க வலை பின்னினோமோ அந்த மீன்தான் கடலில் உள்ளது என்று சொல்வதாகிவிடும்.

1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில், தொட்டிச் செடிகளுக்கான உரக்கலவை மண்ணோடு லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற சிற்றினம் தொடர்புபடுத்தப்பட்டது. அங்கும் நியூசிலாந்திலும் லெஜியோனெல்லா நோயின் பெரும்பங்கு அந்தச் சிற்றினத்தாலேயே வருகிறது. தோட்ட வேலை செய்துவிட்டு வந்து நிமோனியாவில் விழுந்த ஒருவரின் சிறுநீரை அந்தச் சோதனைப் பட்டையில் இட்டால் கோடு தோன்றாது. அவருடைய சளியை எடுத்து, சிஸ்டீனும் இரும்பும் சேர்த்த கரி ஊடகத்தில் வளர்த்தோ அதன் டி.என்.ஏ.வைத் தேடியோதான் காரணத்தைக் கண்டறிய முடியும். அதற்கு முதலில், கோடு தோன்றாத பட்டையைக் கண்டதும் லெஜியோனெல்லா இல்லை என்று மருத்துவர் எழுதிவிடாமல் இருக்க வேண்டும்.